சோடியம் எலக்ட்ரானை விரும்பியா கொடுக்கிறது? வேதிப்பிணைப்பில் சில அடிப்படைச் சந்தேகங்கள்

மறுபடியும்_மாணவன் எழுதியது:

வணக்கம். பள்ளியோடு வேதியியலை விட்டவன் நான். இப்போது வேலைக்கு நடுவே அடிப்படையிலிருந்து திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். அணு அமைப்பு, தனிம வரிசை அட்டவணை வரை சிக்கல் இல்லை. பிணைப்பு என்ற பாடத்துக்கு வந்ததும் வண்டி நின்றுவிட்டது.

நூல் சொல்வது இது: சோடியத்துக்கு வெளிக்கூட்டில் ஒரே எலக்ட்ரான், அதை விட்டுவிட்டால் நியான் மாதிரி எட்டு. குளோரினுக்கு ஏழு, ஒன்று வாங்கினால் ஆர்கான் மாதிரி எட்டு. ஆகவே ஒன்று கொடுக்கிறது, மற்றது வாங்குகிறது, இரண்டும் நிலைத்தன்மை பெறுகின்றன. சரி. ஆனால் அதே நூலில் நாலு பக்கம் முன்னால் போனால் சோடியத்தின் அயனியாக்கும் ஆற்றல் மோலுக்கு 496 கிலோஜூல் என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள். அந்த எலக்ட்ரானை எடுக்க நாம்தான் செலவு செய்ய வேண்டும் என்று அர்த்தம். தானாகக் கொடுக்கிறவனிடம் எதற்குப் பிடுங்க வேண்டும்?

இரண்டாவது சந்தேகம். உயிரியல் பாடத்தில், செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியின் பிணைப்பு உடைந்து ஆற்றல் வெளிவருகிறது என்கிறார்கள். வேதியியலில் பிணைப்பை உடைக்க ஆற்றல் வேண்டும் என்கிறார்கள். எதை நம்புவது?

மூன்றாவது, ஒரு வினை நடக்குமா நடக்காதா என்பதை எதை வைத்துச் சொல்வது? மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள், அந்த வயது போய்விட்டது.


துடுக்கு எழுதியது:

தேர்வுக்கு என்றால் எண்ம விதி, அதான் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் என்ற விதி, போதும், மதிப்பெண் வந்துவிடும். இவ்வளவு யோசித்தால் அடுத்த பாடத்துக்குப் போக முடியாது.


மறுபடியும்_மாணவன் எழுதியது:

தேர்வு எதுவும் இல்லை நண்பரே. புரிந்துகொள்ளத்தான் படிக்கிறேன்.


வெண்படிகம் எழுதியது:

முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். நல்ல கேள்வி. நூலின் இரண்டு பக்கங்களை ஒன்றோடொன்று மோதவிட்டால்தான் இது எழும்.

சோடியம் எதையும் விரும்பிக் கொடுப்பதில்லை. தனியாக இருக்கும் சோடியம் அணு தன் எலக்ட்ரானை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதைக் கழற்ற 496 கிலோஜூல் செலவாகிறது. குளோரின் அணு அந்த எலக்ட்ரானை வாங்கும்போது 349 கிலோஜூல் திரும்ப வருகிறது. இந்த வெளியாகும் ஆற்றலைத்தான் எலக்ட்ரான் நாட்டம் என்கிறோம். கழித்துப் பாருங்கள்: 147 கிலோஜூல் கையிலிருந்து போயிருக்கிறது. இரண்டு அணுக்களும் வெகு தொலைவில் இருக்கும்வரை இந்தக் கைமாற்றம் நட்டம்தான். எட்டு வந்தாலும் நட்டம்தான்!

அப்புறம் எப்படி நடக்கிறது? நேர்மின் அயனியும் எதிர்மின் அயனியும் நெருங்க நெருங்க ஒன்றையொன்று இழுக்கின்றன. அந்த ஈர்ப்பில் ஆற்றல் வெளியாகிறது. மின்சுமைகளுக்கு இடையிலான விசையைச் சொல்லும் கூலும் விதியை வைத்துக் கணக்கிட்டால், இரண்டுக்கும் இடையே சுமார் 940 பைக்கோமீட்டர் இருக்கும்போதே அந்த 147 ஈடாகிவிடும். அதற்கும் கீழே ஒவ்வொரு பைக்கோமீட்டரும் லாபம். வாயு நிலையில் ஒரு சோடியம், ஒரு குளோரின் சேர்ந்த இணையில் இடைவெளி 236 பைக்கோமீட்டர். அங்கே ஈர்ப்பினால் மட்டும் 590 கிலோஜூல் அளவுக்கு வரவு. மிக நெருங்கியதால் எலக்ட்ரான் கூடுகள் ஒன்றையொன்று தள்ளுவதில் கொஞ்சம் போகும், போனாலும் மிச்சம் நிறைய.

படிகத்தில் கதை இன்னும் பெரிது. அங்கே ஒரு சோடியம் அயனிக்கு ஒரு குளோரைடு என்ற சோடி கிடையாது. ஒவ்வொரு சோடியத்தையும் ஆறு குளோரைடு சூழ்ந்திருக்கிறது, ஒவ்வொரு குளோரைடையும் ஆறு சோடியம். அதனால் வெளியாகும் படிகக்கூடு ஆற்றல் மோலுக்கு 787 கிலோஜூல்.

இப்போது முழுக் கணக்கையும் போடலாம். சோடியம் உலோகத்தை வாயு அணுவாக்க 107. குளோரின் மூலக்கூறைப் பிளந்து ஓர் அணு எடுக்க 121. அயனியாக்க 496. செலவு மொத்தம் 724. வரவு 349, 787, ஆக 1136. மிச்சம் 412. சோடியமும் குளோரின் வாயுவும் சேர்ந்து உப்பாகும்போது வெளியாகும் வெப்பத்தை நேரடியாக அளந்தால் மோலுக்கு 411 கிலோஜூல் வருகிறது. கணக்கும் அளவீடும் இப்படிக் கைகோத்து நிற்பது எனக்கு இன்றைக்கும் அலுக்காத காட்சி.

ஆக, சோடியம் குளோரைடு உருவாவதற்குக் காரணம் படிகத்தின் ஈர்ப்பு. எட்டு எலக்ட்ரான் என்பது அந்த வரவு செலவில் தற்செயலாகத் தெரியும் ஒரு முடிவு.


துடுக்கு எழுதியது:

தற்செயல் என்றால் ஏன் எப்போதும் எட்டில் வந்து நிற்கிறது? சோடியம் இரண்டு எலக்ட்ரானைக் கொடுத்து இன்னும் பலமான படிகம் கட்டலாமே. இரட்டை மின்சுமை இருந்தால் ஈர்ப்பு இன்னும் கூடும் இல்லையா?


வெண்படிகம் எழுதியது:

மடக்கினீர்கள். தற்செயல் என்ற சொல் அதிகம்தான், விளக்கிவிடுகிறேன்.

சோடியத்தின் இரண்டாவது அயனியாக்கும் ஆற்றல் 4562 கிலோஜூல். முதலாவதைப்போல ஒன்பது மடங்குக்கும் மேல். ஏனென்றால் இரண்டாவது எலக்ட்ரான் உள்கூட்டில், அணுக்கருவுக்கு அருகில், மறைப்பு குறைவாக உட்கார்ந்திருக்கிறது. குளோரைடு படிகம் எதுவும் அந்தச் செலவைத் திருப்பித் தராது. அதனால் ஒன்றோடு நிற்கிறது.

பக்கத்திலேயே இருக்கும் மக்னீசியத்தைப் பாருங்கள். முதல் எலக்ட்ரானுக்கு 738, இரண்டாவதற்கு 1451. இரண்டும் வெளிக்கூடு. இரட்டை மின்சுமை உள்ள படிகத்தின் வரவு இதைத் தாங்குகிறது. மூன்றாவதற்குப் போனால் உள்கூடு, 7700-க்கும் மேல், கதவு சாத்தியாயிற்று. கூடு மாறும் இடத்தில் செலவு செங்குத்தாக ஏறுவதால்தான் கணக்கு எப்போதும் அங்கே வந்து நிற்கிறது. எண்ம விதி பார்த்தது இந்த எல்லைக்கோட்டைத்தான். விதி சரியான இடத்தைக் காட்டுகிறது, காரணத்தைத்தான் சொல்லவில்லை.

ஆக்சைடு இன்னும் சுவையானது. ஆக்சிஜன் அணு முதல் எலக்ட்ரானை வாங்கும்போது 141 கிலோஜூல் தருகிறது. இரண்டாவதை வாங்க மறுக்கிறது. ஏற்கெனவே எதிர்மின்சுமை உள்ள அயனிக்குள் இன்னொரு எலக்ட்ரானைத் திணிக்க 700 கிலோஜூலுக்கு மேல் நாம் போட வேண்டும். எட்டு நிறைந்த ஆக்சைடு அயனி தனியாக வெற்றிடத்தில் நிலைத்திருக்காது, எலக்ட்ரானை உதறிவிடும். மக்னீசியம் ஆக்சைடு போன்ற படிகத்துக்குள் மட்டும்தான் அதற்கு வாழ்வு. அந்தப் படிகத்தின் உருகுநிலை 2800 டிகிரி செல்சியசைத் தாண்டுகிறது. சோடியம் குளோரைடுக்கு 801. இரட்டை மின்சுமையின் வேலை அது.


நீலத்துத்தம் எழுதியது:

எண்ம விதி பேச்சு வந்ததால் ஓர் இடைச்செருகல். எட்டு நிறைந்தால் வினையே கிடையாது என்று நம்பியதால், மந்த வாயுக்களைப் பெரும்பாலான வேதியியலாளர்கள் வெகுகாலம் திரும்பிப் பார்க்கவே இல்லை. 1962-ல் நீல் பார்ட்லெட் அதை உடைத்தார். பிளாட்டினம் ஹெக்ஸாஃப்ளுரைடு என்ற அடர்சிவப்பு வாயு ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்தே எலக்ட்ரானைப் பறித்துவிடுகிறது என்று அதற்கு முன்பே கண்டிருந்தார். அட்டவணையைப் பார்த்தால் ஆக்சிஜன் மூலக்கூறின் அயனியாக்கும் ஆற்றலும் செனானுடையதும் ஏறக்குறைய ஒன்று, இரண்டும் 1170-ஐ ஒட்டியவை. அங்கே முடியும் என்றால் இங்கே ஏன் முடியாது? இரண்டு வாயுக்களையும் அறை வெப்பநிலையில் சேரவிட்டார். சிவப்பு மறைந்து ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறத்தில் ஒரு திடப்பொருள் படிந்தது. எட்டை எண்ணிக்கொண்டிருந்தால் அந்தச் சோதனையைச் செய்தே இருக்க மாட்டார். அவர் பார்த்தது ஆற்றலை.


மறுபடியும்_மாணவன் எழுதியது:

சோடியம் விஷயம் இப்போது உட்கார்ந்துவிட்டது. மிக்க நன்றி வெண்படிகம். ஆனால் இது அயனிப் பிணைப்புக்குச் சரி. எலக்ட்ரானைப் பங்கிட்டுக்கொள்ளும் சகப்பிணைப்பில் யாரும் யாருக்கும் கொடுப்பதில்லையே. இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள், இரண்டுமே நடுநிலை. எது எதை இழுக்கிறது?


சுழல் எழுதியது:

அங்கேயும் மின் ஈர்ப்புதான். ஒரு ஹைட்ரஜன் அணுவில் ஓர் எலக்ட்ரான் ஓர் அணுக்கருவின் பிடியில் இருக்கிறது. இரண்டு அணுக்கள் அருகே வந்தால் ஒவ்வோர் எலக்ட்ரானையும் இரண்டு அணுக்கருக்கள் இழுக்கின்றன. இரண்டு கருக்களுக்கும் இடைப்பட்ட இடத்தில் எலக்ட்ரான் செறிவு கூடுகிறது; அந்த எதிர்மின் செறிவு இரு பக்கக் கருக்களையும் தன்பால் பிடித்து வைக்கிறது. ஓரளவுக்கு மேல் நெருங்கினால் கருக்கள் ஒன்றையொன்று தள்ளும். இழுப்பும் தள்ளலும் சமமாகும் தூரம் 74 பைக்கோமீட்டர். அந்த இடத்திலிருந்து இரண்டையும் பிரிக்க மோலுக்கு 436 கிலோஜூல் வேண்டும். பிணைப்பு என்று தனியாக ஒரு பொருள் அங்கே இல்லை. ஆற்றல் மிகக் குறைந்த அந்த அமைப்புக்கு நாம் வைத்த பெயர் அது.

இணையாகப் பங்கிடுவது என்ற படத்தை 1916-ல் முன்வைத்தவர் கில்பர்ட் லூயிஸ். ஏன் இணை என்பதற்குக் குவாண்டம் இயக்கவியலை வைத்து ஹைட்ரஜன் மூலக்கூறுக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் ஹைட்லரும் லண்டனும், 1927-ல். இடையே 11 ஆண்டுகள். அதுவரை எலக்ட்ரானுக்குப் புள்ளி வைத்துப் படம் போட்டவர்கள் காரணம் தெரியாமலேதான் சரியாகப் போட்டார்கள். அதனால் நீங்களும் புள்ளிப் படத்தைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

ஒரே எச்சரிக்கை: எல்லா மூலக்கூறும் அந்தப் படத்துக்குள் அடங்காது. போரான் டிரைஃப்ளுரைடில் போரானைச் சுற்றி ஆறுதான். நைட்ரிக் ஆக்சைடில் வெளிக்கூட்டு எலக்ட்ரான் மொத்தம் 11, இரண்டு இரண்டாகப் பிரிக்கவே முடியாது. இரண்டும் புட்டிக்குள் அடைத்து வைக்கக்கூடிய நிஜமான வாயுக்கள்.


கரிக்கோல் எழுதியது:

எது அயனி, எது சகப்பிணைப்பு என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறதே, ஏன் யாரும் சொல்லவில்லை? எலக்ட்ரான் கவர்தன்மை, அதாவது பிணைப்பில் எலக்ட்ரானைத் தன்பக்கம் இழுக்கும் திறன், அதன் வேறுபாடு 1.7-க்கு மேல் என்றால் அயனி, கீழே என்றால் சகப்பிணைப்பு. முடிந்தது.


சுழல் எழுதியது:

முடியவில்லை. ஃப்ளுரின் 3.98, ஹைட்ரஜன் 2.20. வேறுபாடு 1.78. உங்கள் விதிப்படி ஹைட்ரஜன் ஃப்ளுரைடு அயனிச் சேர்மம். ஆனால் அது 20 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும் மூலக்கூறுப் பொருள். மறுபக்கம் சோடியம் 0.93, ஹைட்ரஜன் 2.20. வேறுபாடு 1.27 மட்டுமே. ஆனால் சோடியம் ஹைட்ரைடு ஹைட்ரைடு அயனிகள் கொண்ட படிகம், சோடியம் குளோரைடு மாதிரியே அடுக்கு.


கரிக்கோல் எழுதியது:

விதிவிலக்கு எங்கேயும் உண்டு.


வெண்படிகம் எழுதியது:

கரிக்கோல், விதிவிலக்கு என்று தள்ளிவிட்டால் உள்ளே இருக்கும் செய்தி கைநழுவும். லினஸ் பாலிங் 1932-ல் அந்த அளவுகோலை வகுத்தபோது அது தொடர்ச்சியான எண்தான். ஒருமுனையில் குளோரின் மூலக்கூறு, வேறுபாடு பூச்சியம், எலக்ட்ரான் இணை சரிபாதி. மறுமுனையில் சீசியம் ஃப்ளுரைடு, வேறுபாடு மூன்றுக்கு மேல். மற்ற எல்லாமே இடையில் எங்கோ. 1.7 என்பது பாதி வழியில் நாம் நட்ட கல், இயற்கை நட்டதல்ல.

அலுமினியத்தை எடுங்கள். அலுமினியம் ஃப்ளுரைடு 1200 டிகிரிக்கு மேல்தான் ஆவியாகும். அலுமினியம் குளோரைடு சுமார் 180 டிகிரியிலேயே பதங்கமாகி, அதாவது உருகாமல் நேரே ஆவியாகி, பறந்துவிடும். ஒரே உலோகம், இரண்டும் ஹாலைடு. வேறுபாடு 2.37-லிருந்து 1.55-க்கு இறங்கியதும் பொருளின் குணமே மாறுகிறது. இதைச் சொல்லவே அந்த எண்கள். ஒரு திசை காட்டும், வேலி போடாது. உலோகமா அலோகமா என்று முதலில் பாருங்கள், பிறகு எண்ணைப் பாருங்கள், கடைசியாக உருகுநிலையைப் பாருங்கள்.


மறுபடியும்_மாணவன் எழுதியது:

உருகுநிலை என்றதும் இன்னொன்று. சகப்பிணைப்புச் சேர்மங்களின் உருகுநிலை குறைவு என்று நூலில் இருக்கிறது. ஹைட்ரஜன் பிணைப்பாற்றல் 436 என்று சுழல் சொன்னார். குறைவான எண் மாதிரித் தெரியவில்லை. பலமான பிணைப்பு என்றால் உருகுநிலை ஏன் குறைகிறது?


சுழல் எழுதியது:

உருகும்போது அந்தப் பிணைப்பு உடைவதே இல்லை. நீர் கொதிக்கும்போது மேலே போகும் ஆவி என்ன? நீர் மூலக்கூறுகள்தான். ஆக்சிஜனும் ஹைட்ரஜனுமாகப் பிரிந்தா போகிறது? ஒரு மோல் நீரை 100 டிகிரியில் ஆவியாக்க 40.7 கிலோஜூல் போதும். அதே ஒரு மோல் நீரின் இரண்டு ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்புகளையும் உடைக்க வேண்டுமென்றால் 926 வேண்டும். கொதிநிலையைத் தீர்மானிப்பது மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் இடையிலான ஈர்ப்பு. நீரில் அது ஹைட்ரஜன் பிணைப்பு: ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜனை அடுத்த மூலக்கூறின் ஆக்சிஜன் இழுப்பது. அந்த அளவுக்கு ஹைட்ரஜன் பிணைப்பு அமையாத ஹைட்ரஜன் சல்ஃபைடு, நீரைவிடக் கனமான மூலக்கூறாக இருந்தும், மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது.

மூலக்கூறே இல்லாமல் முழுப் படிகமும் சகப்பிணைப்பால் பின்னப்பட்டிருந்தால் அந்த நூல் வாக்கியம் அப்படியே கவிழும். கார்பன் டை ஆக்சைடு மைனஸ் 78.5 டிகிரியில் பதங்கமாகிறது. சிலிக்கான் டை ஆக்சைடு உருக 1700 டிகிரிக்கு மேல் வேண்டும். இரண்டுமே சகப்பிணைப்பு. முதலாவதில் தனித்தனி மூலக்கூறுகள். இரண்டாவதில் ஒவ்வொரு சிலிக்கானும் நான்கு ஆக்சிஜனோடு பிணைந்து, வலை முடிவில்லாமல் ஓடுகிறது. உருக்க வேண்டுமென்றால் பிணைப்பையே அறுக்க வேண்டும்.


கணக்கன் எழுதியது:

இரண்டாவது கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். எனக்குப் பிடித்த பகுதி, நான் எடுக்கிறேன்.

பிணைப்பை உடைக்க எப்போதும் செலவு. பிணைப்பு உருவானால் எப்போதும் வரவு. விதிவிலக்கு தேட வேண்டாம். வெப்பம் வெளிவருகிறது என்றால் புதிதாக உருவான பிணைப்புகளின் வரவு, உடைத்த செலவைவிட அதிகம், அவ்வளவுதான்.

ஹைட்ரஜன் எரிவதைப் பாருங்கள்.

2 ஹைட்ரஜன் + 1 ஆக்சிஜன் → 2 நீர்

உடைப்பது: ஹைட்ரஜன்-ஹைட்ரஜன் பிணைப்பு இரண்டு, 2 × 436 = 872. ஆக்சிஜனின் இரட்டைப் பிணைப்பு ஒன்று, 498. செலவு 1370.
உருவாவது: ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பு நான்கு, 4 × 463 = 1852.
மிச்சம் 482 கிலோஜூல், வெப்பமாக வெளியே. ஒரு மோல் நீராவிக்கு 241.

ஹைட்ரஜனுக்குள் ஆற்றல் அடைத்து வைக்கப்பட்டிருந்து, உடைத்ததும் கொட்டியது என்று நினைத்தால் இந்தக் கணக்கைப் போடவே முடியாது. நீரின் பிணைப்புகள் பலமானவை, அதனால் வெப்பம்.

ஏடிபிக்கும் இதே. பாஸ்பேட்டைக் கழற்றும் அந்த ஒரு பிணைப்பை உடைக்க ஆற்றல் செலவாகத்தான் செய்கிறது. ஆனால் அது தனியாக உடைவதில்லை. நீர் மூலக்கூறு உள்ளே வந்து புதுப் பிணைப்புகள் உருவாகின்றன, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்த எதிர்மின் குழுக்கள் விலகுகின்றன, விளைபொருள்களை நீர் நன்றாகச் சூழ்ந்துகொள்கிறது. எல்லாம் கூட்டிக் கழித்துத் திட்ட நிலையில் மோலுக்கு 30.5 கிலோஜூல் லாபம். உயிரியல் நூல்கள் இந்த முழு நிகழ்வையும் சுருக்கிப் பிணைப்பு உடைந்து ஆற்றல் வந்தது என்று எழுதிவிடுகின்றன. எனக்கு அந்த வாக்கியத்தின் மேல் தீராத கோபம் உண்டு. எத்தனை பேரை அது குழப்பியிருக்கிறது!


துடுக்கு எழுதியது:

நன்றாக இருக்கிறது. ஆனால் ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் ஒரு குடுவையில் கலந்து வைத்தால் சும்மாதானே இருக்கிறது? 482 லாபம் என்றால் உடனே வெடிக்க வேண்டியதுதானே.


கணக்கன் எழுதியது:

லாபம் இருந்தாலும் முதலில் கையிலிருந்து போட வேண்டும் அல்லவா. அந்த முதல்தான் கிளர்வு ஆற்றல். அறை வெப்பநிலையில் மூலக்கூறுகள் மோதும் வேகத்தில் 436-ஐ உடைக்கும் வசதி கிட்டத்தட்ட எதற்கும் இல்லை. ஒரு பொறி பட்டால் சில மூலக்கூறுகள் உடையும், அவை தரும் லாபம் அடுத்தவற்றை உடைக்கும், கண்ணிமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

பொறி இல்லாமலும் ஒரு வழி உண்டு. 1823-ல் டோபெரைனர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், நுண்துளைகள் நிறைந்த பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜனை ஊதினார். அறை வெப்பநிலையிலேயே பிளாட்டினம் பழுத்து, ஹைட்ரஜன் தீப்பற்றியது. பிளாட்டினப் பரப்பில் ஒட்டும்போதே ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. பிரித்த செலவைப் பரப்போடு உண்டாகும் பிணைப்பு ஈடுகட்டுகிறது. மொத்த லாபத்தில் ஒரு ஜூல்கூட மாறாது, வழி மட்டும் வேறு. வினையூக்கி செய்வது அவ்வளவே.

இதே காரணத்தால்தான் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் அது எதோடும் எளிதில் சேர்வதில்லை. அதன் முப்பிணைப்பை உடைக்க 945 கிலோஜூல். ஹைட்ரஜனோடு சேர்ந்து அம்மோனியா ஆவது வெப்பம் உமிழும் வினைதான். ஆனாலும் இரும்பு வினையூக்கி, 400 டிகிரிக்கு மேல் சூடு, 100 வளிமண்டலத்துக்கும் மேலான அழுத்தம் எல்லாம் சேர்ந்தால்தான் ஆலையில் நடக்கிறது.


நீலத்துத்தம் எழுதியது:

மூன்றாவது கேள்வி, வினை நடக்குமா என்பது. இதற்கு ஒரே வரியில் பதில் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். வெப்பம் வெளிவந்தால் நடக்கும் என்று சொல்வார்கள். சோடியம் பைகார்பனேட்டும் சிட்ரிக் அமிலமும் நீரில் சேர்ந்தால் நுரைத்துக்கொண்டு பாயும், ஆனால் வெப்பமானி கீழே இறங்கும். வெப்பத்தை உள்வாங்கிக்கொண்டே தானாக நடக்கும் வினை அது. வாயு வெளியேறி, துகள்கள் பரவுவதற்கான வழிகள் பெருகுவதால் என்ட்ரோபி கூடுகிறது. நட்டத்தை அது ஈடுசெய்துவிடுகிறது. வெப்பம், என்ட்ரோபி இரண்டையும் சேர்த்துத்தான் தீர்ப்பு. அதற்கு மேல் இப்போதைக்குப் போக வேண்டாம்.

ஆரம்பத்தில் மூன்று வகை வினைகளை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: எலக்ட்ரான் கைமாறுவது, புரோட்டான் கைமாறுவது, அயனிகள் சேர்ந்து வீழ்படிவாவது. பாடத்தில் வருபவற்றில் பெரும்பாலானவை இதற்குள் வந்துவிடும்.

முதல் வகைக்கு என் பெயரிலேயே உதாரணம் இருக்கிறது. தாமிர சல்ஃபேட் கரைசலில் துரு நீக்கிய இரும்பு ஆணியைப் போடுங்கள். சில நிமிடங்களில் ஆணியின் முழுகிய பகுதி மட்டும் செம்பழுப்பாகும். நீர்க்கோட்டுக்கு மேலே பழைய இரும்பு நிறம், கீழே தாமிரம், நடுவே கத்தியால் வெட்டினாற்போல ஒரு கோடு. விட்டுவைத்தால் மணிக்கணக்கில் நீலம் வெளுத்து இளம்பச்சைக்குத் திரும்பும். விரலால் தேய்த்தால் தாமிரம் பொடியாக உதிரும்.

என்ன நடந்தது? இரும்பு அணு இரண்டு எலக்ட்ரானை விட்டுக் கரைசலுக்குள் போகிறது, தாமிர அயனி அந்த இரண்டையும் வாங்கி உலோகமாகப் படிகிறது. சல்ஃபேட் இதில் எதுவுமே செய்யவில்லை, வேடிக்கை பார்க்கிறது. நூலில் நீளமாக எழுதும் சமன்பாட்டில் பாதி இப்படி வேடிக்கை பார்க்கும் அயனிகள்தான். அவற்றை அடித்துவிட்டுப் பாருங்கள், வினை துலங்கும். எலக்ட்ரான் கைமாறுவது வெறும் பேச்சு இல்லை என்பதற்குச் சான்று வேண்டுமா? இரும்பையும் தாமிரத்தையும் தத்தம் அயனிக் கரைசலில் தனித்தனிக் குவளையில் வைத்து, கம்பியாலும் உப்புப் பாலத்தாலும் (உப்புக் கரைசல் நிரப்பிய குழாய்) இணையுங்கள். திட்ட நிலையில் 0.78 வோல்ட் காட்டும். அதே எலக்ட்ரான்கள் இப்போது கம்பி வழியே சுற்றிப் போகின்றன.

தாமிரக் கம்பியை இரும்பு சல்ஃபேட்டில் போட்டால் ஒன்றும் நடக்காது. வெள்ளி நைட்ரேட்டில் போட்டால் கம்பி முழுக்க வெள்ளி ஊசிகள் முளைக்கும், கரைசல் நீலமாகும். மின்வேதி வரிசை என்று மனப்பாடம் செய்யச் சொல்வது இந்த வரிசையைத்தான்.

அமில-கார வினை ஒரு வரியில். ஹைட்ரோகுளோரிக் அமிலம், நைட்ரிக் அமிலம் என்று வலிமையான எந்த அமிலத்தை எடுத்தாலும், சோடியம் ஹைட்ராக்சைடு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்று எந்த வலிமையான காரத்தோடு சேர்த்தாலும், நீர்த்த கரைசலில் மோல் நீருக்கு 56, 57 கிலோஜூல் என்று ஒரே வெப்பம்தான் வரும். மற்றவை எல்லாம் வேடிக்கை பார்ப்பதால் உண்மையான வினை ஒன்றே ஒன்று: புரோட்டானும் ஹைட்ராக்சைடும் சேர்ந்து நீராவது.


கரிக்கோல் எழுதியது:

சமன்பாட்டைச் சமன்படுத்துவது பற்றியும் சொல்லுங்கள். புதியவர்கள் திணறுவது அங்கேதான்.


கணக்கன் எழுதியது:

அதில் பெரிய தத்துவம் இல்லை. அணு எண்ணிக்கை இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். சிக்கலான சேர்மத்தில் தொடங்குங்கள், தனித் தனிமத்தைக் கடைசிக்கு விடுங்கள். ஈத்தேன் எரிகிறது: ஓர் ஈத்தேனில் கார்பன் இரண்டு, ஹைட்ரஜன் ஆறு. ஆகவே கார்பன் டை ஆக்சைடு இரண்டு, நீர் மூன்று. வலப்பக்க ஆக்சிஜன் அணுக்கள் 4 + 3 = 7. ஆக்சிஜன் மூலக்கூறு மூன்றரை. அரை பிடிக்கவில்லை என்றால் எல்லாவற்றையும் இரட்டியுங்கள்.

2 ஈத்தேன் + 7 ஆக்சிஜன் → 4 கார்பன் டை ஆக்சைடு + 6 நீர்

வாய்பாட்டுக்குள் இருக்கும் கீழெண்ணை மட்டும் தொடாதீர்கள். நீரில் ஓர் ஆக்சிஜன் குறைகிறதே என்று உள்ளே ஒன்றைச் சேர்த்தால் அது ஹைட்ரஜன் பெராக்சைடு, வேறு பொருள்.


மறுபடியும்_மாணவன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கணக்கன் காட்டிய வழியில் மீத்தேனுக்குப் போட்டுப் பார்த்தேன்.

1 மீத்தேன் + 2 ஆக்சிஜன் → 1 கார்பன் டை ஆக்சைடு + 2 நீர்

உடைப்பது: கார்பன்-ஹைட்ரஜன் நான்கு, 4 × 413 = 1652. ஆக்சிஜன் இரண்டு, 2 × 498 = 996. செலவு 2648.
உருவாவது: கார்பன் டை ஆக்சைடில் இரட்டைப் பிணைப்பு இரண்டு, 2 × 799 = 1598. நீரில் நான்கு, 4 × 463 = 1852. வரவு 3450.
மிச்சம் 802 கிலோஜூல்.

நூலின் பின்பக்க அட்டவணையில் மீத்தேனின் எரிதல் வெப்பம் 890 என்று இருக்கிறது. 88 இடிக்கிறது. பிணைப்பாற்றல் எல்லாம் சராசரி மதிப்பு என்பதால் வரும் வித்தியாசமா?


கணக்கன் எழுதியது:

சராசரி என்பதால் சில கிலோஜூல் முன்பின் ஆவது உண்டு. ஆனால் இந்த 88-க்குக் காரணம் அது இல்லை, உங்கள் கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது. அட்டவணையின் தலைப்பில் 25 டிகிரி, விளைபொருள் திரவ நீர் என்று இருக்கிறதா பாருங்கள். பிணைப்பாற்றல் கணக்கு வாயு மூலக்கூறுகளுக்கானது. உங்கள் விடையில் வருவது நீராவி. அந்த ஆவி 25 டிகிரியில் திரவமாகும்போது மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் மோலுக்கு 44 கிலோஜூல் கூடுதலாக வரும். சுழல் சொன்ன 40.7 கொதிநிலைக்கானது, 25 டிகிரியில் கொஞ்சம் அதிகம். உங்கள் சமன்பாட்டில் நீர் இரண்டு மோல்.


மறுபடியும்_மாணவன் எழுதியது:

இரண்டு 44, 88. தலைப்பிலும் திரவம் என்றுதான் போட்டிருக்கிறது. அடுத்து ஈத்தேன் போடப் போகிறேன், கார்பன்-கார்பன் ஒற்றைப் பிணைப்புக்கு எவ்வளவு எடுத்துக்கொள்வது?


கணக்கன் எழுதியது:

347.